ஐந்து மாதக் கர்ப்பம், கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்து: இப்போதே போவதா, பிரசவம் முடித்துப் போவதா?

கோத்தகிரிப் பெண் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறார். எனக்கு இப்போதுதான் விசா வந்தது. தலைப்பிரசவம். ஐந்தாம் மாதம் முடியப்போகிறது, தை மாதத்தில் நாள் சொல்லியிருக்கிறார்கள். இருபதாவது வார ஸ்கேன் எடுத்தாயிற்று, குழந்தை நன்றாக இருக்கிறது.

வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மாவும் பாட்டியும் உறுதியாக இருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் தினமும் போனில் சொல்கிறார். எனக்கும் அவரோடு இருக்கத்தான் ஆசை.

குளிருக்கு நான் பயப்படவில்லை. உறைபனி விழுந்த காலையிலும் தேயிலைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவள். பயம் வேறு. இங்கே நர்சம்மா வீடு தேடி வருகிறார். இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிப் பார்க்கிறார், குறையவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுகிறார். நான் இரண்டு நாள் வாசலில் தென்படவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்க்கிறார். அங்கே அவர் வேலைக்குப் போனபிறகு பகல் முழுக்க நான் மட்டும்தான். திடீரென்று வயிற்றுவலி வந்தால் யாரிடம் சொல்வது? பிறந்த பிள்ளையை யார் குளிப்பாட்டுவது? பத்தியச் சாப்பாடு யார் செய்வது? அங்கே பெற்றவர்கள், பெற்ற மகளுக்குத் துணைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஊட்டிப் பெரியப்பா:

உன் அம்மா சொல்வதைக் கேள் அம்மா. முன்பு சிக்கலான பிரசவம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கோவைக்கு இறக்க வேண்டியிருந்தது. மலைப்பாதையில் ஆம்புலன்சிலேயே பிறந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 700 படுக்கைகளோடு அதன் புது மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. பெற்ற உடம்புக்கு 40 நாள் ஓய்வு வேண்டும். அதை ஊரில் கொடுக்க ஆள் இருக்கிறது. மாப்பிள்ளை விடுப்பு போட்டுக்கொண்டு வரட்டுமே.

குன்னூர்ச் செவிலி:

பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரசவம் முடித்துப் போவதாக இருந்தால் அதிலும் தவறு இல்லை. ஆனால் பயத்தால் மட்டும் அந்த முடிவை எடுக்காதே தங்கச்சி. வட இங்கிலாந்தில் ஒரு மகப்பேறு வார்டில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். அங்கே நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

போவதென்றால் சீக்கிரம் போய்விட வேண்டும். 28 வாரம் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குமேல் பெரும்பாலும் ஏற்றிக்கொள்ளவே மாட்டார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து நிதானமாகக் கிளம்பலாம் என்று நினைத்தால் அந்த நேரம் சரியாக இந்தக் கெடுவில் வந்து இடிக்கும். வளைகாப்பை இந்த மாதமே வைத்துவிடுங்கள். ஒற்றைப்படை மாதம்தானே, ஐந்தில் செய்யும் குடும்பங்களும் நிறைய. இன்னொன்று, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறங்கி அப்படியே விமானம் ஏறாதே. முதல்நாளே கோவைக்குப் போய்த் தங்கு. நீண்ட பயணத்தில் கர்ப்பிணிகளுக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். இறுக்கமான காலுறை போட வேண்டுமா என்று உன் டாக்டரிடமே கேட்டுக்கொள்.

இங்கே தந்த தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், போட்ட ஊசிகளின் விவரம் எல்லாவற்றையும் கைப்பையில் எடுத்துப் போ. பெட்டியில் போடாதே. போய் இறங்கிய வாரமே ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள். மகப்பேறுப் பிரிவில் பதிய அவரிடம் போகக்கூட வேண்டியதில்லை. பக்கத்து மருத்துவமனையின் இணையதளத்தில் நீயே விண்ணப்பம் போடலாம். விசாவுக்குக் கட்டும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். அதனால் பரிசோதனை, ஸ்கேன், பிரசவம், அறுவை என எதற்கும் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். கர்ப்ப காலத்திலும் பிறந்து ஓராண்டு வரையிலும் மருந்துச் சீட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் கட்டணம் கிடையாது. அதற்கு ஒரு விலக்குச் சான்று உண்டு. மிட்வைஃப் என்கிற, கர்ப்பமும் பிரசவமும் பார்க்கும் செவிலியிடம் கேட்டு வாங்கிக்கொள். கேட்காமல் விட்டுக் காசு கொடுத்து மருந்து வாங்கும் நம் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சந்திப்பில் ரத்தம் எடுக்கும்போது உன் குடும்பமும் கணவர் குடும்பமும் எந்தப் பகுதி என்று கேட்பார்கள். சாதி கேட்கிறார்கள் என்று சங்கடப்பட வேண்டாம். தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய்க்கு அங்கே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை உண்டு, அரிவாள் செல் ரத்தசோகைக்குச் சில இடங்களில் குடும்பத்தின் பூர்வீகத்தைப் பார்த்துத்தான் செய்வார்கள், அதற்காகக் கேட்பது. இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். நீலகிரி என்பதை மறக்காமல் சொல். சர்க்கரைக்கான குளுக்கோஸ் சோதனையையும் 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வார்கள். தெற்காசியப் பெண்களுக்கு அந்த நோய் அதிகம் என்பதால் நமக்குத் தவறாமல் உண்டு.

கோத்தகிரிப் பெண்:

நன்றி அக்கா. வளைகாப்பு யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். அங்கே மொத்தமே இரண்டு ஸ்கேன்தான் என்று அவர் சொல்கிறார், நிஜமா? இங்கே தனியாரிடம் காட்டும் என் தோழிக்கு மாதாமாதம் எடுக்கிறார்கள். நான் போனபிறகு ஒன்றுகூட இல்லாமல் பிரசவமா?

குன்னூர்ச் செவிலி:

நிஜம்தான். சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 20ஆம் வாரம் ஒன்று. நம் பெண்கள் அதிகமாகக் கலங்குவது இதற்குத்தான். நம்மைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அழுவார்கள். தலைப்பிரசவத்துக்குச் சுமார் பத்து முறை பார்ப்பார்கள், அதிலும் பெரும்பாலும் டாக்டர் இருக்க மாட்டார், மிட்வைஃப்தான். 24 வாரத்துக்குப் பிறகு டேப் வைத்து வயிற்றை அளப்பார், ரத்த அழுத்தம், சிறுநீர் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த அளவு ஒவ்வொரு முறையும் குறிக்கப்படும். வளர்ச்சி குறைவதாகத் தெரிந்தால் உடனே ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கர்ப்பத்தை நோயாகப் பார்க்காத நாடு அது. நல்லபடியாகப் போகிறவரை கையை வைக்க மாட்டார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. அந்த ஏற்பாடு முழுக்க, நீ வாய் திறந்து சொல்வாய் என்ற நம்பிக்கையில் நடக்கிறது. நம் நர்சம்மாபோல யாரும் வந்து மாத்திரையை எண்ண மாட்டார்கள். ஆனால் நீ கூப்பிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். மகப்பேறுப் பிரிவுக்கு 24 மணி நேர எண் ஒன்று உண்டு. அதை உன் போனிலும் அவர் போனிலும் முதல் வேலையாகப் போட்டு வையுங்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ நின்றாலோ, உடனே அந்த எண். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, ஏதாவது இனிப்பாகக் குடித்துப் பார்க்கலாம் என்றும் இருக்கக் கூடாது. ஒன்றுமில்லாமல் போய்த் தொந்தரவு செய்கிறோமோ என்று நம் பெண்கள் கூசுவார்கள். அங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. கடைசி மாதத்தில் அசைவு குறைவது இயல்பு என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதே, பிரசவம் வரை அசைவு தெரிய வேண்டும். ரத்தம் கசிந்தாலும், நீர் உடைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், கால் கை உள்ளங்கையெல்லாம் பொறுக்க முடியாமல் அரித்தாலும் இதே எண்தான்.

அருவங்காட்டுக்காரி:

நான் லெஸ்டரில் இருக்கிறேன். என் மகள் இங்கேதான் பிறந்தாள். அப்பா கார்டைட் ஃபேக்டரியில் வேலை, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அருவங்காடு. அக்கா சொன்ன ஒவ்வொன்றும் சரி. மருத்துவத்தை அவர் சொல்லிவிட்டார், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

குளிருக்குப் பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். குளிர் பரவாயில்லை. இருட்டுதான் கஷ்டம். ஊட்டியில் எவ்வளவு பனி விழுந்தாலும் பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று வந்துவிடும். இங்கே டிசம்பரில் காலை எட்டு மணிக்குமேல்தான் விடியும், சாயங்காலம் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். இடைப்பட்ட நேரமும் மேகம்தான். உனக்கு வயிறு பெரிதாகும் மாதங்கள் சரியாக இவைதான். எனக்கு நவம்பர் பாதியிலேயே எதைப் பார்த்தாலும் அழுகை வந்தது. அதற்குக் காரணம் நீ பலவீனமானவள் என்பது இல்லை என்று உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். தினமும் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிவிடு. மழை தூறினாலும் போ. நம் நிறத்துக்கு இந்த வெயில் போதாது, வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், விடாதே.

பகலில் தனியாக இருப்பதைப் பற்றிக் கேட்டாய். குழந்தை பிறப்பதற்கு முன்பே நாலு முகத்தைப் பழகிக்கொள். நான் தமிழ் ஆட்களை மட்டும் தேடவில்லை. நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டு நேரம் நடக்கும், வயிற்றோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். அங்கே பழகிய ஒரு பஞ்சாபி அம்மாதான் பிரசவத்தன்று எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்தார். மருத்துவமனை நடத்தும் பிரசவ வகுப்புக்குக் கணவரோடு போ. அதே மாதத்தில் பெறப்போகிற பெண்கள் பத்துப் பேரை ஒரே அறையில் பார்க்கலாம். இரண்டு சந்திப்புகளுக்கு மனைவியோடு போக வேலை செய்யும் கணவருக்குச் சட்டப்படி நேரம் உண்டு, சம்பளம் தர வேண்டிய கட்டாயம்தான் இல்லை.

மிட்வைஃப் ஒருமுறையாவது கணவரை வெளியே அனுப்பிவிட்டு, 'வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாயா?' என்று கேட்பார். அவருக்கும் முன்கூட்டியே சொல்லிவை, இல்லையென்றால் முகம் மாறிவிடும். எல்லோரிடமும் கேட்பதுதான். இது நல்ல கேள்வி, நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி. அவர்கள் உச்சரிப்பு புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள், இலவசம். புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு மட்டும் வராதே.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று நம் மலைக்காய் அத்தனையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்கீரைகூட உறையவைத்துக் கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயம் ஊர்ப்பேச்சுக்கு நேர்மாறு. ரத்தம் ஊற ஈரல் சாப்பிடச் சொல்லி அனுப்புவார்கள். இங்கே கர்ப்பிணிகள் ஈரலே தொடக்கூடாது என்கிறார்கள், அதில் வைட்டமின் ஏ அளவு மீறி இருக்கிறது. இன்னொன்று தேநீர். நாள் முழுக்க டீ குடிக்கிற மலை நம்முடையது. கர்ப்ப காலத்தில் கஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பெரிய கோப்பை டீ ஒன்றில் 75 இருக்கும். இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்தும் உடம்பில் சேராது.

பிரசவத்தைப் பற்றி. கணவர் கடைசிவரை பக்கத்திலேயே இருக்கலாம். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார், மகளை முதலில் தூக்கியதும் அவர்தான். என் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது, அதற்காக இந்த நாட்டுக்கு நன்றி சொல்வேன். வலிக்கு வாயால் இழுக்கும் வாயு தருவார்கள், முதுகில் ஊசியும் கேட்கலாம். எல்லாம் நன்றாக இருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று திகைக்காதே. அடுத்த நாள் மிட்வைஃப் வீட்டுக்கே வருவார். ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பார்கள். பத்து நாளுக்குமேல் ஹெல்த் விசிட்டர் என்பவர் பொறுப்பேற்பார். நம் நர்சம்மாவை நினைத்து ஏங்குகிறாய் அல்லவா, பிள்ளை பிறந்தபிறகு அவருக்கு நெருக்கமான ஆள் இவர்தான். மனசு சரியில்லை என்றாலும் இவரிடமே சொல்லலாம். பெற்ற பெண்களில் பத்தில் ஒருவருக்குமேல் அந்த மனச்சோர்வு வருகிறது. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கோத்தகிரிப் பெண்:

அக்கா, அழுதுகொண்டே படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'அப்போ நான் வரவே வேண்டாமா?' என்று கேட்கிறார்.

எடப்பள்ளி அம்மா:

உன் அம்மா வர வேண்டும் கண்ணு, கட்டாயம் வரட்டும். என் மகளுக்கு நான் போய் வந்தேன். விசிட்டர் விசா ஆறு மாதம் வரை தருவார்கள். திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும், அதுதான் கணக்கு. நான் எங்கள் தோட்டத்துப் பட்டா, பச்சைத் தேயிலை போட்ட பணம் வரவாகும் பாஸ்புக், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு, அவர்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம், அழைப்புக் கடிதம் எல்லாம் வைத்தேன். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். இப்போதே விண்ணப்பத்துக்கு ஆயத்தம் பண்ணுங்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பக்கூடாது. நமக்கு அங்கே வைத்தியம் இலவசம் இல்லை, வெளிநாட்டுப் பயணிக்கு ஒன்றரை மடங்கு கட்டணம் போடுவார்கள்.

உன் அம்மாவுக்கு ஒரு சேதி. மலையில் பிள்ளை பிறந்தால் கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், சாக்ஸ், அதற்குமேல் ரெண்டு போர்வை என்று சுற்றிவைப்போம். நம் வீட்டில் ஹீட்டர் கிடையாது, அது சரி. அங்கே சுவரில் சூடு ஓடுகிறது, வீட்டுக்குள் நமக்கே வேர்க்கிறது. நான் போன அன்றைக்குப் பேத்திக்குத் தொப்பி போட்டேன். ஹெல்த் விசிட்டர் வந்து மெதுவாகக் கழற்றிவிட்டு, அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும், வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், சூடு அதிகமானால் தூக்கத்திலேயே குழந்தைக்கு ஆபத்து என்று விளக்கினார். மல்லாந்துதான் படுக்கவைக்க வேண்டுமாம். 1991இல் அதை ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தபிறகு தொட்டில் சாவுகள் மளமளவென்று குறைந்ததாம். தூளி கட்டக்கூடாது, சமமான கெட்டி மெத்தைதான். நானும் நாலு பிள்ளை வளர்த்தவள்தான், ஆனால் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வதில் என்ன குறை?

சாம்பிராணி போடாதீர்கள், கூரையில் புகை மணி அலறும், பச்சைப்பிள்ளை மூச்சுக்கும் நல்லதில்லை. கண்மையும் வேண்டாம், பலவற்றில் ஈயம் இருக்கிறது. லேகியத்தை மிட்வைஃபிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், அதிலும் சிலவற்றில் ஈயம் இருந்து பிடித்திருக்கிறார்களாம். நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள், பால் பொருளும் இறைச்சியும் உள்ளே விட மாட்டார்கள். நெய் அங்கேயே நன்றாகக் கிடைக்கிறது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவேப்பிலைத் துவையல் என்று என் மகளுக்கு 40 நாளும் பத்தியம் குறையவில்லை. பால் சுறா மட்டும் வாரம் ஒருமுறைக்குமேல் வேண்டாம் என்றார்கள், பாதரசம் இருக்குமாம்.

சேரம்பாடிப் பேரன்:

இதைப் படிக்கும்போது என் பாட்டி நினைவு வருகிறது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி, என் அப்பாவை வயிற்றில் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியாகச் சேரம்பாடிக்கு வந்தார். எங்களைப்போல வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம், பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. தாயகம் திரும்பியவர்கள் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். பாட்டிக்கு அது முழுக்க வெளிநாடுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் சிலோன்காரி.

அங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பெற்றிருந்தால் அம்மாவும் அத்தைகளும் சுற்றி நின்றிருப்பார்கள். இங்கே கூடலூர்க் காட்டோரம், மழை, அட்டை, முகம் தெரியாத வரிசை வீடுகள். வந்த வாரத்திலேயே அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, 'நான் பிள்ளைத்தாய்ச்சி, எனக்கு இன்ன மாதம், ராத்திரி வலி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன்' என்று சொல்லிவிட்டு வந்தாராம். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்பார். அப்பா பிறந்த ராத்திரி ஓடிவந்தவர் மலையாளம் பேசும் ஒரு அம்மா. பாட்டிக்கு அவர் பேச்சு பாதி புரியாது. கடைசிவரை இருவரும் அக்கா தங்கைபோல இருந்தார்கள்.

செவிலி அக்கா சொன்ன அந்த 24 மணி நேர எண்ணைப் படித்ததும் இதைத்தான் எழுதத் தோன்றியது. நீங்களும் அங்கே போய் இறங்கிய வாரமே சொல்லிவிடுங்கள் சகோதரி, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

மஞ்சூர்த் தம்பி:

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், இங்கும் இதே கதைதான். பிரசவத்துக்குப் பிறகு 12 வாரம் வரை மிட்வைஃப் வீட்டுக்கு வருவார், காப்பீடே பணம் கட்டும். ஆனால் அவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்ததுமே போன் போட ஆரம்பித்தால்தான் ஆள் கிடைக்கும். கேட்காதவர்களுக்கு யாரும் வருவதில்லை.

ஊட்டிப் பெரியப்பா:

எல்லாவற்றையும் படித்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு எத்தனை நாள் விடுப்பு? பிள்ளை அங்கே பிறந்தால் வெள்ளைக்காரக் குடியுரிமை வந்துவிடுமா? நம் நாட்டுக்குத் திரும்ப வருவதில் சிக்கல் வராதா?

அருவங்காட்டுக்காரி:

பெரியப்பா, தகப்பனுக்குச் சட்டப்படி இரண்டு வாரம்தான். சேர்த்தும் எடுக்கலாம், தனித்தனி வாரமாகவும் எடுக்கலாம். முதல் வாரம் அவர், அடுத்து அம்மா வந்து இறங்குவது, பிறகு மீதி வாரம் அவர் என்று பிரித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. 1983 முதல் சட்டம் அப்படித்தான். தாயோ தகப்பனோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். பிறகு இவர்களில் ஒருவருக்கு நிரந்தர வசிப்பு கிடைத்தால் பிள்ளையைப் பதிந்துகொள்ளலாம். அதுவரை பிள்ளை இந்தியக் குடிமகன்தான், ஆனால் அதுவும் தானாக வராது. 42 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவகத்தில் பிறப்பைப் பதிந்து சான்று வாங்க வேண்டும். ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக்கொடுத்து. அப்புறம் பாஸ்போர்ட். பிள்ளையோடு ஊருக்கு வருவதற்கு முன்பே பிள்ளைக்கும் விசா எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்வார்கள். இந்தியாவில் பெற்றுப் போனாலும் பிள்ளைக்கு விசாவும் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் உண்டு. ஆகவே இந்தச் செலவைப் பார்த்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க வேண்டாம்.

கோத்தகிரிப் பெண்:

முடிவு எடுத்துவிட்டோம். நான் போகிறேன். வரும் ஞாயிறு வளைகாப்பு. பாட்டி முதலில் பேசாமல் இருந்தார். சேரம்பாடி அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டியபிறகு, அவரே என் பெட்டியில் வைக்கச் சுக்கும் மிளகும் பொடித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, மார்கழிக் கடைசியில் வருவதாகத் திட்டம். என் கணவர் அங்கே மகப்பேறுப் பிரிவில் நான் வரும் தேதியைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த 24 மணி நேர எண் எங்கள் இருவர் போனிலும் இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் ஒரு வயதான தம்பதியிடம், மனைவி வருகிறாள், மாசமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர்கள் ஒரு வாழ்த்து அட்டை எழுதிக் கதவிடுக்கில் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி செவிலி அக்கா. இங்கே டி.டி. ஊசி இரண்டும் போட்டாயிற்று. அங்கே மறுபடியும் ஊசி போடச் சொல்வார்களா? போட்டால் அதிகமாகிவிடாதா?

குன்னூர்ச் செவிலி:

போடச் சொல்வார்கள், போட்டுக்கொள். இங்கே உனக்குப் போட்டது டெட்டனஸும் டிப்தீரியாவும். கக்குவான் இருமலுக்கு அதில் ஒன்றும் இல்லை. அங்கே தருவதில் கக்குவானும் சேர்ந்தது. 16ஆம் வாரம் முதல் போடலாம், 32 வாரத்துக்குள் போட்டால் நல்லது, உன் உடம்பில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேரும். 2024இல் இங்கிலாந்தில் கக்குவான் பெரிதாகப் பரவிப் பச்சைக்குழந்தைகள் இறந்தார்கள், அதனால் தள்ளிப்போடாதே. 28 வாரத்துக்குப் பிறகு ஆர்.எஸ்.வி. என்னும் மூச்சுக்குழாய்க் கிருமிக்கும் ஒரு ஊசி உண்டு. உன் பிள்ளை குளிர்காலத்தில் பிறப்பதால் அது ரொம்ப முக்கியம். இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை, மிட்வைஃப் தேதி பிரித்துத் தருவார்.

பிள்ளைக்குப் பி.சி.ஜி. ஊசி அங்கே எல்லோருக்கும் போடுவதில்லை. பெற்றோர் காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தவர்கள் என்றால் போடுவார்கள், நாம் அந்தப் பட்டியலில் இருக்கிறோம். பிறந்து நாலு வாரம் ஆகும்போது அழைப்பு வரவில்லை என்றால் நீயே கேள். டி.டி. போட்ட தேதிகளை மட்டும் நர்சம்மாவிடம் அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பு.